முழு ஊரடங்கில் எதைக் கையில் எடுப்பது: கேரமா, மாடித் தோட்டமா, பழைய பயணங்களா?

கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 மே 24 முதல் தமிழ்நாட்டில் தளர்வுகளற்ற முழு ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அந்த நாள்களில் எழுதியது இது. மளிகைக் கடையும் திறப்பதில்லை. காய்கறி வண்டி தெருவுக்கே வருகிறது. கடந்த பிப்ரவரியில்தான் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. அதில் ஏறிப் பார்க்காதவர்கள் இன்னும் பலர் இருக்கையில், அந்த ரயிலும் நின்றுவிட்டது. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் அடைக்கப்பட்டபோது எல்லோருக்கும் அது புதிது. பிறகு ராயபுரம் மண்டலம் சென்னையிலேயே அதிகப் பாதிப்புள்ள பகுதியாக வாரக்கணக்கில் செய்தியில் அடிபட்டது. ஜூன் 19 முதல் 30 வரை சென்னைக்கும் சுற்று மாவட்டங்களுக்கும் தனியாக இன்னொரு முழு ஊரடங்கும் வந்தது. ஆகவே வீட்டுக்குள் நாள்களைக் கழிப்பதில் வடசென்னைக்காரர்களுக்கு இப்போது ஓரளவு அனுபவம் உண்டு. சென்ற ஆண்டு எது நிலைத்தது, எது பத்து நாளில் அலுத்தது, எது பக்கத்து வீட்டாருக்குத் தொல்லையானது என்று பார்த்தவர்கள் என்ற முறையில், இந்த முறை எதைத் தேர்ந்தெடுப்பது என்று நிதானமாக யோசிக்கலாம்.

பத்திரிகைகளில் வரும் யோசனைகளில் பெரும்பாலானவை தனி அறையும் தனி மாடியும் ஆளுக்கொரு கைபேசியும் உள்ள வீடுகளுக்கானவை. பழைய வண்ணாரப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரே வாசலுக்குள் நாலைந்து குடித்தனங்கள் இருக்கும். மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. வீட்டிலுள்ள ஒரே நல்ல கைபேசியைப் பகலெல்லாம் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு எடுத்துக்கொள்ளும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் காய்ச்சலோடு தனித்துப் படுத்திருக்கக்கூடும். இந்த நிலைமைக்குள் பொருந்துமா என்பதை வைத்துத்தான் எந்தப் பொழுதுபோக்கையும் எடைபோட வேண்டும்.

முதலில் பட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரடங்கு என்றதும் நம் பகுதி மாடிகளில் முதலில் ஏறுவது அதுதான். சாதாரண நூலில் பட்டம் விடுவதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் இங்கே பட்டம் என்றாலே அறுத்தல், அறுத்தல் என்றாலே மாஞ்சா. கண்ணாடித் தூளும் வஜ்ஜிரமும் கலந்து பூசிய அந்த நூல், அறுபட்டுச் சாலையின் குறுக்கே தொங்கும்போது இருசக்கர வண்டியில் வருபவரின் கழுத்தை அறுக்கிறது. இந்த நகரத்தில் பிள்ளைகள்கூட அப்படி இறந்திருக்கிறார்கள். தடையும் அதனால்தான் வந்தது. இந்த நாள்களில் சாலையில் வண்டி ஓட்டிப் போகிறவர்கள் பெரும்பாலும் செவிலியர், தூய்மைப் பணியாளர், மருந்து வாங்க ஓடுகிறவர். அவர்கள் கழுத்துக்கு நேரே ஒரு நூல் தொங்குமானால் அது விளையாட்டு ஆகாது. இந்தத் தேர்வை ஒப்பிடக்கூட வேண்டியதில்லை. வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளை மாடியிலிருந்து இறக்கிவிட வேண்டும்.

கேரம் அப்படித் தள்ளிவிடக்கூடியது அன்று. வடசென்னைக்குக் கேரம் ஒரு பெருமை. அர்ஜுனா விருது பெற்ற கேரம் வீரரான மரிய இருதயம் சென்னைக்காரர். 1991-லும் 1995-லும் உலகப் பட்டம் வென்றவர். வியாசர்பாடியிலிருந்து வந்த இளவழகி 2008-இல் பிரான்சு வரை போய் உலகப் பட்டம் வென்று வந்தார். தெருமுனைக் கொட்டகையில் குண்டு பல்பைத் தாழ இறக்கித் தொங்கவிட்டு, நள்ளிரவு வரை சுண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பலகை மட்டும் வீட்டில் இருந்துவிட்டால் பிறகு செலவில்லை. கருப்பு ஒன்பது, வெள்ளை ஒன்பது, சிவப்பு ஒன்று. ரெட் போட்டால் ஃபாலோ போட வேண்டும் என்பது வரை ஆறு வயதுக் குழந்தைக்கும் ஒரே மாலையில் புரிந்துவிடும். கண்ணும் கையும் ஒரே புள்ளியில் நிற்பதால் அந்த அரைமணி நேரத்துக்குச் செய்திச் சேனலின் எண்ணிக்கைகள் மனத்திலிருந்து விலகிவிடுகின்றன. இந்த ஒரு காரணத்துக்காகவே அதை நான் மதிக்கிறேன்.

இருந்தாலும், நாள் முழுவதையும் அதன் மேல் ஏற்றிவைக்க முடியாது. ஒரே வீட்டுக்குள் ஆடும்போது திறமை ஏற்றத்தாழ்வு சீக்கிரமே வெளிப்பட்டுவிடும். அண்ணன் எப்போதும் ஜெயிப்பான், தங்கை நாலாம் நாளில் எழுந்து போய்விடுவாள். இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு பழைய வழி உண்டு: நன்றாக ஆடுகிறவர் இடது கையால் மட்டுமே சுண்ட வேண்டும். அப்படி வைத்தால் ஆட்டம் மறுபடி உயிர் பெறும். இரண்டாவது குறை சத்தம். பலகையைத் தரையில் வைத்து ஆடினால் ஸ்ட்ரைக்கர் அடிக்கும் ஒவ்வொரு அடியும் கீழ் வீட்டுக் கூரையில் கேட்கும். அடியில் பழைய பாயை மடித்துப் போட்டு, மதியத்தில் ஆட்டத்தை நிறுத்திவிடுவது நல்லது. மூன்றாவது குறைதான் பெரியது. கேரம் ஆள் சேர்க்கும். நாலு பேர் ஆட, எட்டுப் பேர் குனிந்து பார்ப்பது நம் வழக்கம். தலையோடு தலை முட்டும் அந்த நெருக்கம் இப்போது ஆபத்தானது. வீட்டு வாசலைத் தாண்டி ஒருவர்கூட உட்காரக் கூடாது என்பதில் உறுதியாக இருக்க முடிந்தால் மட்டுமே கேரத்தை எடுங்கள். தெருப் பிள்ளைகள் வந்து நின்றால் போகச் சொல்ல மனம் வராதவர்கள் பலகையை உள்ளறைக்குக் கொண்டுபோய்விடுவது மேல். வீட்டிலுள்ள ஆயாவுக்கும் தாத்தாவுக்கும் இதில் வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேலையில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாடித் தோட்டத்தைப் பொறுத்தவரை வடசென்னையில் முதல் கேள்வி தண்ணீர். நம் பகுதியின் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010-இல் வந்த பிறகு நிலைமை ஓரளவு மாறியது என்றாலும், 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்திருந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. குடிக்கும் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற மனம் வராது. போர் தண்ணீரை ஊற்றினால் இலை நுனி கருகும். வீட்டில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் இருந்தால், அது வெளியே தள்ளும் கழிவுநீரில் உப்பு இன்னும் அதிகம் என்பதால் அதையும் செடிக்கு ஊற்றக் கூடாது. அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீரை ஒரு வாளியில் சேர்த்தால் நாலைந்து தொட்டிகளுக்குத்தான் போதும். ஆகவே தோட்டம் என்று பெரிதாகத் தொடங்காமல், நாலைந்து தொட்டி என்று தொடங்குவதே நம் பகுதிக்குச் சரி.

விதைக் கடை மூடியிருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். அஞ்சறைப் பெட்டியிலுள்ள வெந்தயத்தையும், லேசாக நசுக்கி இரண்டாக்கிய தனியாவையும் விதைத்தாலே முளைக்கும். இப்போது கத்திரி வெயில் என்பதால், மாடித் தரையில் நேராக வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வைத்து, பழைய வேட்டியைப் பந்தலாகக் கட்ட வேண்டும். கற்பூரவல்லியும் சோற்றுக்கற்றாழையும் நம் கடற்காற்றையும் பொறுத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டில் ஒரு கிளை, ஒரு பக்கக்கன்று கேட்டாலே கிடைக்கும். மாடி பொது என்பதால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்; தண்ணீர் கசிந்து தளம் ஊறுகிறது என்ற பேச்சு இந்த நேரத்தில் வரக் கூடாது. தோட்டத்தின் உண்மையான பலம், காலையில் எழுந்ததும் போய்ப் பார்க்க ஒன்று இருக்கிறது என்பது. ஆனால் அந்த வேலை ஒரு நாளில் அரைமணி நேரத்துக்கு மேல் இல்லை. மீதிப் பொழுது அப்படியே இருக்கும்.

புதுப்புதுப் பலகாரம் செய்து பார்ப்பதைச் சென்ற ஆண்டே எல்லோரும் செய்துவிட்டோம். அந்தச் சுமை வீட்டுப் பெண்கள் தலையில் விழுந்ததையும் பார்த்தோம். எண்ணெய் விற்கும் விலையில் அதை மறுபடி பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. கைபேசியில் வெளிநாட்டு ஊர்களைச் சுற்றிக் காட்டும் காணொளிகளும் அப்படித்தான்: பார்க்கும்போது நன்றாக இருக்கும், ஆனால் டேட்டா தீர்ந்து பிள்ளையின் வகுப்பு நின்றுவிடும்.

பழைய பயணங்களைத் தொகுப்பது இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்ட வேலை. இதைத்தான் நான் முதலில் வைக்கிறேன். கேரத்தை அடுத்த ஆண்டும் ஆடலாம், வெந்தயத்தை எந்த மாதமும் விதைக்கலாம். ஆனால் ஒரு குடும்பம் எங்கெங்கே போனது, எப்படிப் போனது, ஏன் போனது என்பதைச் சொல்லக்கூடியவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள். இந்த இரண்டாம் அலை அவர்களை எவ்வளவு வேகமாகக் கொண்டுபோகிறது என்பதை ஒவ்வொரு தெருவும் பார்த்துக்கொண்டிருக்கிறது. சாதாரண நாள்களில் மகன் துறைமுகத்துக்கோ கம்பெனிக்கோ போய்விடுவார், பேரப்பிள்ளை டியூஷனுக்குப் போய்விடும். கேட்க ஆளில்லாமல் அந்தக் கதைகள் கிடக்கும். கேட்கிறவரும் சொல்கிறவரும் நாள் முழுவதும் ஒரே கூரையின் கீழ் இருப்பது இப்போதுதான்.

பயணம் என்றதும் ஊட்டி, கொடைக்கானல் என்று நினைத்து, நாங்கள் எங்கே போனோம் என்று சொல்லிவிடாதீர்கள். வடசென்னைக் குடும்பங்கள் போன இடங்கள் ஏராளம். ஆடி மாதத்தில் வேப்பஞ்சேலை கட்டப் பெரியபாளையம், கிருத்திகைக்குத் திருத்தணி, புரட்டாசியில் திருப்பதி, செப்டம்பர் 8 திருவிழாவுக்கு வேளாங்கண்ணி, கந்தூரிக்கு நாகூர். ஒரே வாசலுக்குள் இந்த ஐந்துக்கும் போனவர்கள் இருப்பார்கள். காசிமேட்டுக் குடும்பங்களுக்குக் கடலில் போன தூரமே பயணம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலமும் ஊரடங்கும் இப்போது சேர்ந்து வந்திருப்பதால், எப்போதும் விடியுமுன் கிளம்பிவிடும் ஆள்களும் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய பயணத்தைச் செய்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமையான பின், ரங்கூனிலிருந்து கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியவர்கள் வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் குடியமர்ந்தார்கள். பாரிமுனைப் பக்கம் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சாப்பிடும்போதெல்லாம் நாம் அவர்களுடைய பயணத்தின் ஒரு துண்டைத்தான் சாப்பிடுகிறோம். அன்று பத்து வயதுப் பிள்ளையாகக் கப்பலில் வந்தவருக்கு இன்று அறுபத்தைந்துக்கு மேல் ஆகிறது. கப்பலில் என்ன கொண்டுவர விட்டார்கள், எதை விட்டுவிட்டு வந்தார்கள், துறைமுகத்தில் இறங்கிய முதல் இரவை எங்கே கழித்தார்கள் என்று அவரிடம் இந்த வாரமே கேட்க வேண்டும்.

கேட்கும் விதம் முக்கியம். ‘பயணம் எப்படி இருந்தது’ என்று கேட்டால் ‘நல்லா இருந்துச்சு’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சாப்பாடு, படுக்கை, செருப்பு, சண்டை இவற்றைப் பற்றிக் கேட்டால்தான் கதவு திறக்கும். எங்கள் வீட்டில் நடந்த ஒரு பேச்சை அப்படியே தருகிறேன்.

“ஆயா, பெரியபாளையம் போனப்ப ராத்திரி எங்க படுத்தீங்க?”

“எங்க படுக்கறது? மாட்டு வண்டிக்குக் கீழதான். உங்க தாத்தா வண்டிக்காரன்கிட்ட சண்ட போட்டு வைக்கோல் வாங்கியாந்தாரு. அதுல எறும்பு. விடிய விடிய உங்க அத்தைய மடிலயே வச்சினு இருந்தேன்.”

அதற்குப் பிறகு நாங்கள் யாரும் கேள்வி கேட்க வேண்டியிருக்கவில்லை. எந்த வழியாகப் போனார்கள், வண்டிக்கு யார் யார் பங்கு போட்டார்கள், ஆற்றில் அப்போது தண்ணீர் ஓடியது என்பது வரை அவரே சொல்லிக்கொண்டு போனார். அந்தக் கைக்குழந்தையான அத்தை, இப்போது பேரன் பேத்தி எடுத்தவர், திருவொற்றியூரிலிருந்து ஃபோனில் கேட்டுக்கொண்டே அழுதார். கேரம் பலகையைச் சுற்றி இப்படி ஒரு மாலை அமையாது.

கைபேசியிலேயே குரல் பதியும் வசதி இருக்கிறது. பிள்ளையின் வகுப்பு முடிந்த பிறகு, ஒரு தடவைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் போகாமல் பதியுங்கள். பெரியவர்களுக்கு மூச்சு வாங்கும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் குரலைவிடக் காற்றுதான் கேட்கும். மாத்திரை சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பின், காபி நேரத்தில் பேசவைப்பது எளிது.

அடுத்தது படங்கள். கடலோர ஈரக்காற்றில் பீரோவுக்குள் வைத்த ஆல்பங்கள் நமக்கெல்லாம் ஒரே கதியில்தான் இருக்கின்றன: பக்கங்கள் மஞ்சளித்து, படங்கள் ஒட்டிக்கொண்டு. பிசின் கோடுகள் போட்ட அட்டையும் மேலே பிளாஸ்டிக் தாளும் கொண்ட ஆல்பங்கள்தான் அதிகம் கெடுக்கின்றன. படத்தின் மூலையைப் பிடித்து இழுக்காதீர்கள்; முதலில் வளையும், பிறகு முகத்தின் குறுக்கே கிழியும். ஒரு முழம் தையல் நூலை எடுத்து, படத்துக்கும் அட்டைக்கும் நடுவே ஒரு மூலையில் நுழைத்து, இரண்டு கையாலும் பிடித்து ரம்பம் போல மெல்ல முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே வந்தால் பெரும்பாலானவை சேதமில்லாமல் வந்துவிடும். வராதவற்றை அட்டையோடு சேர்த்தே வெட்டி எடுங்கள். சட்டத்தில் மாட்டியதில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்க முயலவே வேண்டாம். கண்ணாடிக்கு மேலிருந்தே கைபேசியில் எடுத்துக்கொள்ளலாம். பின்பக்கத்தில் பேர் எழுத மென்மையான பென்சில் போதும். பால்பாயின்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும்.

எடுத்த படங்களை உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் அது சுருங்கித் தெளிவு குறையும். டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்பினால் அப்படியே போகும். ஃபிளாஷ் போடாமல், காலையில் ஜன்னலோரத்தில், வெயில் நேராகப் படாத இடத்தில் வைத்து எடுத்தால் பளபளப்பு அடிக்காது.

தேதி தெரியாத படங்களுக்கு ஆண்டைக் கண்டுபிடிப்பதில்தான் பிள்ளைகளுக்குச் சுவை. கன்னியாகுமரியில் எடுத்த படத்தில் விவேகானந்தர் பாறை மண்டபம் இருந்து, பக்கத்துப் பாறை வெறுமையாக இருந்தால் அது 1970-க்குப் பிறகு, 2000 ஜனவரி 1 அன்று வள்ளுவர் சிலை திறக்கப்படுவதற்கு முன். பாறையில் பாதி எழுந்த சிலை தெரிந்தால் காலம் இன்னும் நெருங்கும். ராமேசுவரத்துக்கு ரயிலில் மட்டும்தான் போக முடிந்தது என்று தாத்தா சொன்னால், பாம்பன் சாலைப் பாலம் திறந்த 1988-க்கு முந்தைய பயணம் அது. வெளியூர் பஸ்ஸைப் பாரிமுனையில் பிடித்தோம் என்றால், கோயம்பேடு நிலையம் திறந்த 2002-க்கு முன். டிக்கெட்டில் மெட்ராஸ் என்று இருந்தால் பெரும்பாலும் 1996-க்கு முன். கருவியில் அச்சாகி வரும் இன்றைய பஸ் டிக்கெட்டுகள் சில மாதங்களிலேயே வெளுத்துவிடும் என்பதால், அவற்றில் வைத்திருக்கத் தக்கவற்றை உடனே படம் எடுத்துவிட வேண்டும். இப்படி ஒவ்வொரு படத்தின் மீதும் பேரனும் தாத்தாவும் வழக்காடும்போது பத்து வயதுப் பிள்ளைக்குத் தமிழ்நாட்டின் நாற்பது ஆண்டு வரலாறு புரிந்துவிடுகிறது.

இதற்கும் குறைகள் உண்டு. உட்கார்ந்தே செய்யும் வேலை. பிள்ளைகளின் கை காலுக்கு வேலையில்லை. பழைய கடன், பேசாமல் போன உறவு, பாகப்பிரிவினை எல்லாம் படத்தோடு சேர்ந்து வெளியே வரும். அந்த இடத்தில் பெரியவர் ஒருவர் பேச்சைத் திருப்பத் தெரிந்தவராக இருக்க வேண்டும். படங்களே இல்லாத வீடுகளும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழந்த குடும்பங்கள் நம் பகுதியில் கணிசம். அவர்களுக்குக் குரல் பதிவுதான் வழி. உறவினர் வீடுகளில் இருக்கும் படங்களைக் கேட்டு வாங்கவும் இதுவே தக்க நேரம்.

ஆகவே பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு என் தேர்வு இது: பகலின் நல்ல நேரத்தைப் பயணங்களுக்குக் கொடுங்கள், வெயில் தாழ்ந்த பின் வீட்டாருக்குள் மட்டும் கேரம், காலையும் மாலையுமாகச் சேர்த்து அரைமணி தொட்டிகளுக்கு. தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞருக்கு நான் இந்த வரிசையைச் சொல்லமாட்டேன். பார்த்துப் பேச ஆளில்லாமல் பழைய படங்களோடு உட்கார்ந்தால் ஏக்கம்தான் மிஞ்சும். அவருக்கு முளைவிடும் வெந்தயமே நல்ல துணை. ஊரிலுள்ள அம்மாவுக்கு ஃபோன் போட்டு ஒரு பயணத்தைப் பற்றி மட்டும் கேட்டால் போதும்.

இந்தச் சில வாரங்களில் யாரையாவது இழந்த வீட்டில் இப்போது ஆல்பத்தைப் பிரிக்கச் சொல்லி ஒருவரும் வற்புறுத்தக் கூடாது. அவர்கள் கேட்கும்போது பார்க்கட்டும், ஓராண்டு கழித்தென்றாலும் சரி. அதுவரை உறவினர்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு: போனவருடைய கைபேசியைப் பிள்ளையின் வகுப்புக்கென்று அழித்துக் கொடுப்பதற்கு முன், அதிலுள்ள படங்களையும் வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் செய்திகளையும் ஒரு மெமரி கார்டில் ஏற்றி, பேர் எழுதிய உறையில் போட்டு, வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.